நிலவிலிருந்து மண் எடுத்தால் ஈர்ப்பு குறையுமா?

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. அப்போது நான் ஹரியானா மாநிலத்தில் ஒரு கிராமக் கிளையின் மேலாளராக இருந்தேன். வாடிக்கையாளர் நேரம் முடிந்து கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் அனைவரும் ஒரே ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்றிருந்தோம். மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 விண்கலத்தின் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. கைதட்டல் அடங்கியபோதுதான், எங்களோடு ஒரு வாடிக்கையாளரும் நின்றுகொண்டிருந்ததைக் கவனித்தோம்.

அவர் அறுபதைக் கடந்த உழவர். உழவர் கடன் அட்டைக் கணக்கு வைத்திருப்பவர். வயலில் உள்ள ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தக் கடன் கேட்டு வந்திருந்தார். ஆவணங்களில் கையொப்பமிட அன்று மாலை வரச் சொல்லியிருந்தோம். கையொப்பமிட்டு முடித்தபின் அவர் எழுந்து செல்லவில்லை. இந்தியில் கேட்டார்:

“மேலாளர் சாகிப், இன்று இறங்கிவிட்டார்கள். நாளை அங்கிருந்து மண்ணை அள்ளி வருவார்கள். அதன்பின் கனிமம் என்று சொல்லி வண்டி வண்டியாக ஏற்றி வருவார்கள். அங்கே பாரம் குறைந்து இங்கே பாரம் கூடினால், இரண்டுக்கும் நடுவில் உள்ள பிடி தளர்ந்துவிடாதா?”

எவரும் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமாகவே இருந்தது. நான் வணிகவியல் படித்தவன். இயற்பியலோடு எனக்கிருந்த தொடர்பு பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது. “படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்று விடைகொடுத்தேன். கேள்விக்கு விடை தேட எனக்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன. பேரேட்டைப் புரட்டிப் பழகியவனுக்கு அந்த விடை அவ்வளவு அந்நியமாக இருக்கவில்லை. அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நிறை வேறு, எடை வேறு

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அன்றாடப் பேச்சில் நிறையையும் எடையையும் ஒன்றாகவே கருதுகிறோம். ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை. அந்தப் பொருளை ஒரு கோள் தன்பால் இழுக்கும் விசை எடை.

நகைக்கடன் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 60 கிராம் தங்கச் சங்கிலி ஒன்றை நிலவுக்குக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொள்வோம். இங்கே சரிபார்க்கப்பட்ட மின்னணுத் தராசில் அதை அங்கே வைத்தால் 10 கிராம் என்றுதான் காட்டும். நிலவின் பரப்பில் ஈர்ப்பு புவியில் உள்ளதைப்போல ஆறில் ஒரு பங்கே. ஆனால் இரண்டு தட்டுகள் கொண்ட பழைய தராசில் வைத்தால் 60 கிராம் என்றே காட்டும். மறுதட்டில் உள்ள எடைக்கற்களும் அதே விகிதத்தில் எடை குறைந்திருக்கும் அல்லவா? சங்கிலியின் தங்கம் ஓர் அணுகூடக் குறையவில்லை. குறைந்தது இழுவிசை மட்டுமே.

புவியிலும்கூட ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. துருவத்தில் அது நிலநடுக்கோட்டில் உள்ளதைவிட ஏறத்தாழ அரை விழுக்காடு அதிகம். புவி தன்னைத்தானே சுற்றுவதும், நடுவில் சற்றுப் பருத்திருப்பதும் இதற்குக் காரணங்கள். நிலத்தடியில் அடர்ந்த பாறை உள்ள இடத்தில் ஈர்ப்பு மிகச் சிறிதளவு கூடும். அடர்த்தி குறைந்த இடத்தில் குறையும். எங்கே எவ்வளவு நிறை இருக்கிறது என்பதைப் பொறுத்து ஈர்ப்பு அமைகிறது. ஆகவே நிறையை இடம் மாற்றினால் ஈர்ப்பும் மாறியே தீர வேண்டும். உழவரின் ஐயத்திற்கு அடிப்படை சரியானது. எவ்வளவு மாறும் என்பதே எஞ்சிய கேள்வி.

பெருக்கல் மாறும், கூட்டல் மாறாது

இரண்டு பொருள்களுக்கு இடையிலான ஈர்ப்பு, அவற்றின் நிறைகளைப் பெருக்கி, இடைப்பட்ட தொலைவின் இருமடியால் வகுத்தால் கிடைக்கும் அளவுக்கு ஏற்ப அமையும் என்பது நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதி. புவியின் நிறை நிலவின் நிறையைப்போல ஏறத்தாழ 81 மடங்கு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நிலவை 1 எனவும் புவியை 81 எனவும் கொள்வோம். பெருக்கினால் 81. கூட்டினால் 82.

இப்போது நிலவின் பாதியை வெட்டிப் புவியோடு சேர்த்துவிட்டோம் என்று கற்பனை செய்வோம். புவி 81.5, நிலவு 0.5. பெருக்குத்தொகை 40.75. அதே தொலைவில் இருவருக்கும் இடையிலான விசை ஏறத்தாழப் பாதியாகிவிடும். மாறாகப் புவியிலிருந்து ஒரு பங்கை எடுத்து நிலவில் சேர்த்தால், 80-ஐ 2-ஆல் பெருக்க 160 வரும். விசை ஏறத்தாழ இருமடங்காகும். பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றினால் பிடி வலுக்கும். சிறியதிலிருந்து பெரியதற்கு மாற்றினால் பிடி தளரும். உழவர் சொன்னது இதைத்தான்.

ஆனால் இங்கே வங்கியில் பணிபுரிவோர் உடனே கவனிக்கும் ஒன்று உண்டு. எந்தப் பக்கம் மாற்றினாலும் கூட்டுத்தொகை 82-ஆகவே இருக்கிறது. ஒரே வாடிக்கையாளரின் சேமிப்புக் கணக்கிலிருந்து அவருடைய நடப்புக் கணக்குக்குப் பணத்தை மாற்றினால் கிளையின் மொத்த வைப்பு மாறுவதில்லை. அதுபோன்ற உள்மாற்றம் இது.

இந்தக் கூட்டுத்தொகைக்கு ஒரு தனிச் சிறப்பு உள்ளது. நிலவும் புவியும் ஒன்றையொன்று சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: இடையில் உள்ள தொலைவு, இரண்டின் நிறைகளின் கூட்டுத்தொகை. தொலைவு மாறாத வரையில், பொருளை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் எவ்வளவு மாற்றினாலும் மாதத்தின் நீளம் மாறாது. விசை பாதியாகக் குறைந்தால் நிலவு நழுவிப் போகாதா என்று தோன்றலாம். பாதியாகிவிட்ட நிலவைப் பிடித்துச் சுழற்றப் பாதி விசையே போதும். பாரம் குறைந்த அளவுக்குக் கயிற்றின் இழுப்பும் குறைகிறது. அவ்வளவே.

மாறுவது வேறொன்று. புவியும் நிலவும் ஒரு பொதுவான நிறை மையத்தைச் சுற்றி வருகின்றன. அந்த மையம் புவியின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தொலைவில், அதாவது புவியின் உள்ளேயே இருக்கிறது. நிலவிலிருந்து நிறை இங்கே வந்தால் அந்த மையம் நம் நடுப்புள்ளியை நோக்கி நகரும். நிலவு எழுப்பும் கடல் ஓதமும் அதே விகிதத்தில் தணியும். இவை உண்மையான விளைவுகள்தாம். அளவைப் பார்த்தபின்பே அஞ்சுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை நடந்த வரவு செலவு

மனிதர் நிலவிலிருந்து இதுவரை கொண்டுவந்த பொருள் எவ்வளவு? 1969 முதல் 1972 வரை ஆறு அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. சோவியத் ஒன்றியத்தின் லூனா-16, லூனா-20, லூனா-24 ஆகிய ஆளில்லாக் கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது சுமார் 300 கிராம். சீனாவின் சாங்-இ-5 கலம் 2020-இல் 1,731 கிராமும், சாங்-இ-6 கலம் 2024-இல் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராமும் கொண்டுவந்தன. எல்லாம் சேர்த்துச் சுமார் 386 கிலோ.

நிலவின் நிறை ஏறத்தாழ 7.35 லட்சம் கோடி கோடி டன். இதில் 386 கிலோ என்ன விகிதம் என்பதை எழுதினால் புள்ளிக்குப் பின் இருபது சுழியங்கள் போட்ட பிறகுதான் முதல் எண் வரும். நமக்குப் பழக்கமான அளவில் சொல்லிப் பார்க்கிறேன். இந்திய வணிக வங்கிகள் அனைத்திலும் உள்ள வைப்புத்தொகை 200 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. நிலவை 200 லட்சம் கோடி ரூபாய் என்று கொண்டால், இதுவரை எடுக்கப்பட்ட தொகை ஒரு பைசாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

மேலும், எடுத்ததை மட்டும் எழுதி நிறுத்தினால் கணக்கு முழுமை பெறாது. கொடுத்ததையும் எழுத வேண்டும். மனிதர் நிலவில் விட்டுவந்தவை ஏராளம். அப்போலோ கலங்களின் இறங்கு பகுதிகள், ஊர்திகள், நில அதிர்வை அளப்பதற்காக வேண்டுமென்றே மோதவிடப்பட்ட ராக்கெட் அடுக்குகள், பல நாடுகளின் ஆய்வுக் கலங்கள் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. இவற்றின் நிறை 180 டன்னுக்கு மேல் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. இந்தியாவின் பங்கும் அதில் உண்டு. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 இறக்கிவிட்ட மோதுகலம், 2019-இல் மோதி விழுந்த விக்ரம், 2023-இல் இறங்கிய விக்ரம், 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி ஆகியவை அங்கே உள்ளன. ஆகவே நிகர இருப்பைப் பார்த்தால், மனித முயற்சியால் நிலவின் நிறை குறையவில்லை, கூடியிருக்கிறது. உழவரின் மொழியில் சொன்னால் பிடி தளரவில்லை; எண்ணிப் பார்க்க இயலாத அளவுக்கு இறுகியிருக்கிறது.

இயற்கையும் தன் பங்குக்கு ஓயாமல் பரிமாற்றம் செய்துகொண்டிருக்கிறது. நிலவில் விண்கற்கள் மோதும்போது தெறிக்கும் துண்டுகளில் சில புவியில் வந்து விழுகின்றன. அண்டார்க்டிகாவில் ஆலன் மலைப்பகுதியில் 1982 ஜனவரியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறிய கல்தான், நிலவிலிருந்து வந்ததென முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட விண்கல். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த கற்களோடு ஒப்பிட்டே அதை உறுதிசெய்தார்கள். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. சந்திரயான்-1 சுமந்து சென்ற கருவி ஒன்றின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், நிலவின் உயர் அட்சரேகைப் பகுதிகளில் ஒருவகை இரும்புத் துரு இருப்பதை 2020-இல் வெளியிட்டார்கள். காற்றில்லாத நிலவில் துரு எப்படி வந்தது? புவியின் வளிமண்டலத்திலிருந்து கசிந்து சென்ற ஆக்சிஜன் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

புவிக்கு விண்வெளியிலிருந்து நாள்தோறும் பல டன் நுண்தூசி வந்து சேர்கிறது. புவியிலிருந்து ஒவ்வொரு நொடியும் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிச் செல்கிறது. 386 கிலோ கைவிட்டுப் போக இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் போதும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக மனிதர் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த பொருள், நாம் ஒரு தேநீர் அருந்தி முடிக்கும் முன்னரே வேறு வழியில் கழிந்துவிடுகிறது.

எவ்வளவு எடுத்தால் தெரியும்?

“இன்று நான்கு குவிண்டால். நாளை?” என்று கேட்பது முன்யோசனை உள்ளவர்களின் இயல்பு. வங்கியிலும் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. அதையே இங்கும் செய்து பார்ப்போம்.

இந்தியா 2024-25 நிதியாண்டில் வெட்டியெடுத்த நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதே அளவு பொருளை நிலவிலிருந்து ஆண்டுதோறும் ஏற்றிவருவதாக வைத்துக்கொள்வோம். நிலவின் நிறையில் ஒரே ஒரு விழுக்காட்டைக் குறைக்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? 73 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அப்போதும் இடைப்பட்ட ஈர்ப்பு ஒரு விழுக்காடுதான் குறையும். நிலவினால் ஒரு மீட்டர் எழும் ஓதம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து எழும்.

இதற்கிடையில் இயற்கை என்ன செய்திருக்கும்? அப்போலோ 11, 14, 15 பயணங்களில் நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்கள் மீது புவியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளந்து வருகிறார்கள். விக்ரம் லேண்டரும் அத்தகைய ஒரு சிறு எதிரொளிப்பானைச் சுமந்து சென்றது. அந்த அளவீடுகளின்படி நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. கடல் ஓதங்களின் உராய்வால் புவியின் சுழற்சி மெல்லக் குறைகிறது. அந்தச் சுழற்சி வேகம் நிலவின் சுற்றுப்பாதைக்கு மாற்றப்படுகிறது. ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே கால் பதித்த 1969-இல் இருந்ததைவிட நிலவு இப்போது இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. எவரும் ஒரு பிடி மண்ணைத் தொடாமலே நடந்த மாற்றம் இது. இன்றைய வேகமே நீடிப்பதாகக் கொண்டால், அந்த 73 கோடி ஆண்டுகளில் நிலவு சுமார் 28,000 கிலோமீட்டர் விலகியிருக்கும். அதனால் மட்டும் ஈர்ப்பு சுமார் 13 விழுக்காடு குறைந்திருக்கும். நம் சுரங்கம் செய்யும் ஒரு விழுக்காடு அதன் அருகில் நிற்கவே கூசும்.

ஈர்ப்பே சுங்கச்சாவடி

இத்தனை பொருளை ஏற்றிவருவதும் நடக்கக்கூடியதன்று. காரணம் ஈர்ப்பேதான். நிலவின் பிடியிலிருந்து ஒரு பொருள் விடுபட நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும். புவியின் பிடியிலிருந்து விடுபட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேண்டும். அந்த வேகத்திற்குரிய எரிபொருளை முதலில் இங்கிருந்து தூக்கிச் செல்ல வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்க மேலும் எரிபொருள் வேண்டும். அசலுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று வளரும் கடனைப் போன்றது இது. அப்போலோ பயணங்களுக்குப் பயன்பட்ட சாட்டர்ன்-5 ராக்கெட் புறப்படும்போது சுமார் 2,900 டன். அவற்றுள் மிக அதிகமாக மண்ணும் கல்லும் கொண்டுவந்த அப்போலோ-17 பயணத்தின் வரவு 110 கிலோ. நிலவிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவருவதற்கான சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 2,104.06 கோடி ரூபாய். அத்தனை செலவும் சில கிலோ மண்ணை நோக்கியே.

இதனால்தான் நிலவின் துருவப் பள்ளங்களில் உள்ள பனிக்கட்டியைப் பற்றிப் பேசுவோர், அதை இங்கே கொண்டுவருவதைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கேயே குடிநீராகவும் எரிபொருளாகவும் பயன்படுத்துவதைப் பற்றியே திட்டமிடுகிறார்கள். பொருளைக் கொண்டுவருவது ஈர்ப்பைப் பாதிப்பதைவிட, ஈர்ப்பு பொருளைக் கொண்டுவருவதைப் பல மடங்கு பாதிக்கிறது.

காலடியில் நடக்கும் இடமாற்றம்

இத்தோடு விடை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். ஆனால் படித்துக்கொண்டே போனபோது வேறொரு தகவல் என்னை நிறுத்தியது. மனிதர் பொருளை இடம் மாற்றியதால் ஈர்ப்பு உண்மையாகவே, கருவியால் அளக்கக்கூடிய அளவுக்கு, மாறிய ஓர் இடம் இருக்கிறது. அது நிலவில் இல்லை. நான் பணியாற்றிய அதே ஹரியானாவும் அதன் அண்டை மாநிலங்களுமே அந்த இடம்.

2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து கிரேஸ் என்ற பெயரில் இரட்டைச் செயற்கைக்கோள்களை ஏவின. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை புவியைச் சுற்றின. நிறை மிகுந்த பகுதியை முன்னால் செல்லும் கோள் நெருங்கும்போது அது சற்று முன்னதாக இழுக்கப்படும், இடைவெளி கூடும். பின்னால் வருவதும் அங்கே வந்தபின் இடைவெளி பழைய நிலைக்குத் திரும்பும். அந்த இடைவெளியின் மாற்றத்தைத் தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு நுட்பமாக அளந்தார்கள். அதைக் கொண்டு மாதந்தோறும் புவியின் ஈர்ப்பு வரைபடம் தயாரித்தார்கள். வட்டி கணக்கிடும் மென்பொருளைப்போல, சிறு வேறுபாட்டையும் விடாமல் பிடிக்கும் முறை அது.

அந்தத் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2009-இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்தது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரையிலான ஆறு ஆண்டுகளில் ராஜஸ்தான், பஞ்சாப், தில்லியை உள்ளடக்கிய ஹரியானா ஆகிய பகுதிகளின் நிலத்தடியிலிருந்து 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்திருந்தது. மழை அந்த ஆண்டுகளில் வழக்கத்திற்குப் பெரிதாகக் குறையவில்லை. பாசனத்திற்காக இறைத்ததே காரணம் என்பது அவர்களின் முடிவு. 109 கன கிலோமீட்டர் நீர் என்பது 10,900 கோடி டன். பக்ரா அணையின் நீர்த்தேக்கத்தைப் பதினொரு முறைக்கு மேல் நிரப்பக்கூடிய அளவு. அவ்வளவு நிறை மண்ணுக்கடியிலிருந்து வெளியேறி, ஆவியாகியும் ஓடியும் வேறிடம் சென்றதால், அந்தப் பகுதியின் ஈர்ப்பு தேய்ந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் பறந்த கருவி அதை உணர்ந்தது.

2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பளிப்பது. 1993 முதல் 2010 வரை உலகெங்கும் இறைக்கப்பட்ட நிலத்தடி நீர் சுமார் 2.15 லட்சம் கோடி டன் என்ற மதிப்பீட்டை அது எடுத்துக்கொண்டது. நிறையின் அந்த இடமாற்றத்தால் புவி சுழலும் துருவம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அது கணக்கிட்டது. அந்த நகர்வில் முதன்மைப் பங்கு வகித்த இரண்டு பகுதிகளுள் வடமேற்கு இந்தியாவும் ஒன்று.

நிலவிலிருந்து வந்த 386 கிலோவையும் இதையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது எனக்குச் சற்றுக் குற்ற உணர்வு ஏற்பட்டது. அந்த நீரை இறைத்த மோட்டார்களில் எத்தனைக்கு நாங்கள் கடன் கொடுத்திருப்போம்!

அவரிடம் சொன்னது

செப்டம்பரில் கடன் தொகை தொடர்பாக வயலைப் பார்வையிடச் சென்றபோது அவரிடம் இவற்றைச் சொன்னேன். நிலவிலிருந்து இதுவரை வந்தது நான்கு குவிண்டால்கூட இல்லை என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஓர் ஏக்கரில் 20 குவிண்டால் கோதுமை எடுப்பவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு ஏக்கரின் விளைச்சல். “இதற்கா நான் தூக்கம் கெட்டேன்?” என்றார்.

பிறகு நிலத்தடி நீரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. வயலின் ஓரத்தில் தூர்ந்துபோன ஒரு குழியைக் காட்டினார். அவருடைய தந்தையார் காலத்தில் அந்தக் குழிக்குள் மோட்டாரை இறக்கி வைத்து, முப்பது அடியிலிருந்து நீர் எடுத்தார்களாம். பின்னர் குழியை ஆழமாக்கினார்கள். அதன்பின் ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. இப்போது அதையும் ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை ஆழப்படுத்தும்போதும் ஒரு கடன். கூடுதல் திறனுள்ள ஒரு மோட்டார். செயற்கைக்கோள் விண்ணிலிருந்து கண்டறிந்ததை அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடன் தவணைகளில் அறிந்து வைத்திருந்தது.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. கோடையின் உச்சத்தில் நெல் நடுவதைத் தடுத்து, நடவைப் பருவமழைக்கு நெருக்கமாகத் தள்ளிவைக்கப் பஞ்சாபும் ஹரியானாவும் 2009-இல் சட்டம் இயற்றின. நெல்லுக்கு மாற்றாக நீர் குறைவாகத் தேவைப்படும் பயிர்களுக்கு மாறுவோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் வழங்கும் ‘மேரா பானி மேரி விராசத்’ திட்டத்தை ஹரியானா அரசு 2020-இல் தொடங்கியது. ஆனால் நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைக்கும் உறுதியான கொள்முதல் மற்றப் பயிர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது அவரது வாதம். அதை நான் மறுக்க இயலாது. வருவாய் உறுதியாக உள்ள பயிருக்குத்தான் நாங்களும் தயங்காமல் கடன் கொடுக்கிறோம்.

கடனை வழங்கினேன். கிணறு ஆழப்படுத்தப்பட்டது. அது இல்லாமல் அவ்வாண்டுக் கோதுமை இல்லை. ஆனால் மறு ஆண்டில் இரண்டு ஏக்கரில் மட்டும் நெல்லை விட்டு மக்காச்சோளம் போட்டார். வாய்க்காலுக்குப் பதிலாக நிலத்தடிக் குழாய் பதிக்க ஒரு சிறு கடனும் கேட்டார். அதன் விண்ணப்பத்தை நிரப்பும்போது நான் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும், கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எங்காவது குறித்து வையுங்கள் என்றேன். உங்கள் கணக்கில் எவ்வளவு இருப்பு உள்ளது என்று தெரியாமல் பணம் எடுப்பீர்களா என்றும் கேட்டேன். 2023 நவம்பரில் முதல் அளவை எடுத்திருந்ததாகவும், நான் கேட்பதற்கு முன்பே தமக்கு அந்த எண்ணம் வந்துவிட்டதாகவும் சொன்னார்.

2025-இல் எனக்கு மாறுதல் வந்தது. விடைபெற வந்தவர் தம் கடன் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இந்தியில் மூன்று வரிகள் எழுதியிருந்தார். 2023 நவம்பர், 138 அடி. 2024 ஜூன், 145 அடி. 2024 நவம்பர், 140 அடி. அதற்குக் கீழே நான்காவது வரிக்கு மாதத்தை மட்டும் எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருந்தார்.